கம்பத்தில் ஏறுபவனுக்குக் கைதட்டல் மட்டும் போதுமா?

கனடாவில் உறைபனி மழை பெய்து மின்சாரம் நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் ஏறத்தாழ ஒரே புகைப்படம் வெளியாகின்றது. கண்ணாடி போர்த்தியதுபோல் மின்னும் மரங்கள். அவற்றின் நடுவே, லொறியில் பொருத்தப்பட்ட தூக்குவாளியில் நின்றபடி அறுந்த கம்பியைப் பற்றியிருக்கும் ஒரு தொழிலாளி. தலைப்பிலே ‘வீரர்கள்’ என்ற சொல் தவறாது இடம்பெறும். மாகாண முதல்வர் நன்றி தெரிவிப்பார். பாடசாலைப் பிள்ளைகள் வாழ்த்து அட்டை வரைந்து அனுப்புவர். கடைசி வீட்டிலும் விளக்கு எரிந்து ஒரு வாரம் கழிந்ததும் அந்தப் படம் மறக்கப்பட்டுவிடும். அடுத்த பனிக்கட்டிப் புயல் வரும்வரை அந்த மனிதரைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள்.

இப்பத்தியின் வாதம் சுருக்கமானது. மின்சாரத்தை மீட்டெடுக்கும் தொழிலாளரை வீரர்களாக்குவதன் மூலம், அவர்கள் அத்தனை பெரிய ஆபத்தினுள் இறங்க நேர்ந்தது ஏன் என்ற கேள்வியிலிருந்து அரசுகளும் மின்நிறுவனங்களும் தப்பித்துக்கொள்கின்றன. உரிய காலத்தில் வெட்டப்படாத மரக்கிளைக்கும், மாற்றப்படாத உக்கிய கம்பத்துக்கும், பயிற்றப்படாத புதிய தொழிலாளிக்கும் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘எங்கள் வீரர்கள் இரவு பகலாகப் பாடுபடுகின்றார்கள்’ என்ற ஒரேயொரு வாக்கியம் எல்லாவற்றையும் மூடிவிடுகின்றது.

கொழும்பிலிருந்து எழுதும் உமக்குக் கனடாப் பனியைப் பற்றி என்ன கவலை என வாசகர் சிலர் கேட்கக்கூடும். ஸ்காபரோவிலும் மொன்றியலிலும் வாழும் நம்மவரின் தொகையை நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. இந்த நாட்டிலே ஏறக்குறைய ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலிருந்தும் அங்கே ஒருவராவது இருக்கின்றார். அத்துடன், அங்கு பனியின் பேரால் சொல்லப்படும் சாக்குப்போக்குகள் இங்கு வேறு பேர்களில் சொல்லப்படுகின்றன. அதனைப் பின்னர் பார்ப்போம்.

பனிக்கட்டியைக் குளிர்பானக் குவளையில் மாத்திரம் கண்டவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். உறைபனி மழை என்பது வெண்பனி கொட்டுவது போன்றதன்று. நிலத்தையொட்டி உறைநிலைக்குக் கீழான குளிர்காற்றுப் படை தேங்கி நிற்க, அதற்கு மேலே இளஞ்சூடான ஈரக்காற்று வந்து படியும்போது, மேலிருந்து மழை நீராகவே விழுகின்றது. குளிர்ப்படையினூடாக இறங்கும் அந்நீர் மரத்திலோ கம்பியிலோ வீதியிலோ பட்ட கணத்திலேயே உறைந்து ஒட்டிக்கொள்கின்றது. வெண்பனியை உதறிவிடலாம், காற்றடித்தால் அதுவே உதிர்ந்தும்விடும். இது அப்படிப் போவதில்லை. துளிக்கு மேல் துளியாக ஏறி, விரற் பருமனான கம்பியை மணிக்கட்டுப் பருமனுக்குக் கொண்டுவந்துவிடுகின்றது. அந்தப் பாரத்தைத் தாங்க மாட்டாத கிளை முறிந்து கம்பிமீது விழுகின்றது. கம்பி அறுகின்றது அல்லது கம்பத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாய்கின்றது.

சென் லோறன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு இத்தகைய குளிர்காற்று தேங்குவதற்கென்றே அமைந்ததுபோன்ற இடம். 1998 ஜனவரி 5 ஆம் திகதி தொடங்கி ஆறு நாட்கள் அங்கு விட்டுவிட்டு உறைபனி மழை பெய்தது. மொன்றியல் பகுதியில் அதன் அளவு ஏறத்தாழ 100 மில்லிமீற்றர். கியூபெக் மாகாணத்தின் சனத்தொகையில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் இருளில் மூழ்கினர். 30,000 இற்கும் மேற்பட்ட மரக் கம்பங்கள் முறிந்தன. பிரதான மின்கடத்தும் பாதைகளைத் தாங்கிய உருக்குக் கோபுரங்கள் ஆயிரம் அளவில் நிலத்தில் மடிந்து கிடந்தன. ஒரு கோபுரம் சாய்ந்தால் கம்பியின் இழுவை ஒருபக்கமாகி அடுத்த கோபுரத்தை இழுக்கின்றது. அது தனக்கு அடுத்ததை இழுக்கின்றது. ஒரு பனித் துளியும் விழாத நேரத்திற்கூட இப்படி வரிசையாகக் கோபுரங்கள் சரியக்கூடும்.

அந்த ஜனவரி 9 ஆம் திகதி மொன்றியல் மாநகரம் குடிநீரையும் இழக்கும் தறுவாய்க்கு வந்தது. நீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கான மின்சாரமே நின்றுபோயிருந்தது. நகருக்குத் தெற்கே சென் இயாசாந்த், கிரான்பி, சென் ஜான் ஆகிய ஊர்களுக்கிடையிலான பிரதேசத்துக்கு ‘இருள் முக்கோணம்’ என்ற பெயரே ஏற்பட்டது. அங்கு கடைசி வீடுகளுக்கு ஒளி மீண்டபோது பெப்ரவரி பிறந்து ஒரு வாரமாகியிருந்தது. உறைநிலைக்கு மிகக் கீழான குளிரில், வெப்பமூட்டிகள் பெரும்பாலும் மின்சாரத்திலேயே இயங்கும் ஒரு மாகாணத்தில், ஒரு மாதத்துக்கு மேல் மின்சாரமின்றி இருப்பதென்றால் என்ன என்பதை நம்மால் கற்பனை செய்வதும் கடினம். கனடாவில் அந்தப் புயலின் காரணமாக ஏறத்தாழ 30 பேர் உயிரிழந்தனர். குளிரில் விறைத்து இறந்தவர்களும், அடைத்த வீட்டினுள் நச்சுவாயுவைச் சுவாசித்து இறந்தவர்களும் அவர்களுள் அடங்குவர்.

அப்போது 15,000 இற்கும் மேற்பட்ட இராணுவத்தினர் உதவிக்கு இறக்கப்பட்டனர். கனடா தன் மண்ணில் அதுவரை ஓர் இயற்கை அனர்த்தத்துக்காக அத்தனை பேரைத் திரட்டியதில்லை. அவர்கள் கிளைகளை அகற்றினார்கள், வீதிகளைத் திறந்தார்கள், வீடுவீடாகச் சென்று முதியோரைத் தேடினார்கள், விழுந்த கம்பங்களை இழுத்து அப்புறப்படுத்தினார்கள். ஆனால் உயர் அழுத்தக் கம்பியில் கைவைத்து அதனை மீண்டும் உயிர்ப்பிக்க அந்தப் பதினைந்தாயிரம் பேரால் முடியாது. அது பயிற்றப்பட்ட சில ஆயிரம் பேரின் கையிலேயே தங்கியிருந்தது.

என் வாதத்தின் ஆணிவேர் இந்த இடத்திலேயே இருக்கின்றது. ஒன்ராறியோவிலே மின்கம்பித் தொழிலாளியாகத் தகுதி பெறுவதற்கு 8,000 மணி நேரப் பயிலுநர் காலம் தேவை. ஏறக்குறைய நான்கு வருடங்கள். புயல் வந்த பின்னர் ஒரு தொழிலாளியை உருவாக்க முடியாது. நான்கு வருடங்களுக்கு முன்னரே அவரைச் சேர்த்திருக்க வேண்டும். அன்று அவரைச் சேர்ப்பதற்கான செலவை, வெயில் எறிக்கும் ஒரு நாளில், சூடான அறையொன்றில் அமர்ந்திருந்த யாரோ அங்கீகரித்திருக்க வேண்டும். அந்த அறையின் புகைப்படம் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

அவர் செய்கின்ற வேலையைச் சற்று அண்மித்துப் பார்ப்போம். பனிக்கட்டிப் புயலில் சேவைக்கு அழைக்கப்பட்டால் 16 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் ஓய்வு என்பதே வட அமெரிக்காவிற் பரவலாக உள்ள நடைமுறை. அந்த எட்டு மணி நேரத்துள் உணவும் பயணமும் உறக்கமும் அடங்கும். தூக்குவாளி லொறி செல்ல முடியாத பின்வளவுகளில் காலில் இரும்பு முட்களைக் கட்டிக்கொண்டு பனி படிந்த மரக் கம்பத்தில் ஏற வேண்டும். தடித்த இறப்பர்க் கையுறையோடு சிறிய ஆணியைத் திருக வேண்டும். தலைக்கு மேலே பனிக்கட்டி சுமந்த கிளை எந்த நேரத்திலும் முறியலாம். பாரம் நீங்கிய கம்பி வில்லின் நாண்போல் எகிறி அடிக்கலாம்.

இவை எல்லாவற்றிலும் கொடிய ஆபத்து இன்னொன்று. அது நம் வீடுகளிலிருந்தே புறப்படுகின்றது. மின்சாரம் நின்றதும் வீட்டுக்காரர் சிறிய மின்பிறப்பாக்கியொன்றை வாங்கிவந்து சுவரிலுள்ள மின்செருகியூடாக வீட்டு இணைப்பில் பொருத்திவிடுகின்றார். பிரதான ஆளியை அணைக்க மறந்துவிடுகின்றார். அந்த மின்சாரம் வீட்டிலிருந்து வெளியே ஓடித் தெருவோர மின்மாற்றியை அடைகின்றது. மின்மாற்றி இரு திசையிலும் வேலை செய்யும். உயர் அழுத்தத்தைக் குறைத்து வீட்டுக்குத் தருவதுபோலவே, வீட்டிலிருந்து வருவதை ஆயிரக்கணக்கான வோல்ற்றாக உயர்த்திக் கம்பிக்கு அனுப்பிவிடும். ‘இறந்த கம்பி’ என நம்பித் தொடும் தொழிலாளியை அது கொன்றுவிடும். எனவேதான் அவர்கள் ஒவ்வொரு கம்பியையும் முதலில் சோதித்து, நிலத்தோடு இணைத்த பின்னரே தொடுகின்றார்கள். வேலை மெதுவாகச் செல்கின்றது எனச் சன்னலூடாகப் பார்த்துச் சலித்துக்கொள்பவர், தன் சுவரில் செருகியிருக்கும் வயரை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது நல்லது. 2022 மார்ச்சில் நமது நாட்டில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீண்டபோது விற்றுத் தீர்ந்த மின்பிறப்பாக்கிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

இத்தகைய தொழில் செய்பவரைப் பாராட்டக்கூடாதா? பாராட்டத்தான் வேண்டும். பாராட்டோடு விடயத்தை முடித்துக்கொள்வதைத்தான் நான் எதிர்க்கின்றேன்.

1998 இற்குப் பின்னர் கியூபெக் அரசு பொறியியலாளர் றோஜர் நிக்கோலே தலைமையில் ஆணைக்குழுவொன்றை நியமித்தது. மின்கடத்தும் கட்டமைப்பை வலுப்படுத்தப் பெருமளவு பணம் செலவிடப்பட்டது. ஒரு கோபுரம் சரிந்தால் அச்சரிவு முழு வரிசைக்கும் பரவாதிருக்க, இடையிடையே மிக வலுவான கோபுரங்கள் நிறுத்தப்பட்டன. லெவி உபமின்நிலையத்தில் கம்பிகளைச் சூடாக்கிப் பனிக்கட்டியை உருக்கும் சாதனம் பொருத்தப்பட்டது. இவற்றைப் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் வீதியோரத்துச் சிறிய கம்பிகளின் கதை வேறு. 2022 டிசெம்பரில் கியூபெக்கின் கணக்காய்வாளர் நாயகம் வெளியிட்ட அறிக்கை, ஹைட்ரோ கியூபெக்கின் விநியோகச் சேவையின் நம்பகத்தன்மை குறைந்து வருகின்றது எனச் சுட்டிக்காட்டியது. மரங்களைக் கட்டுப்படுத்துவதிலும் கட்டமைப்பைப் பராமரிப்பதிலும் உள்ள குறைபாடுகளை அது எடுத்துரைத்தது. நான்கு மாதங்கள் கழிந்தன. 2023 ஏப்ரல் 5 ஆம் திகதி மொன்றியலில் உறைபனி மழை பெய்தது. 11 இலட்சம் மின்பாவனையாளர் இணைப்பை இழந்தனர். பெரும் கோபுரங்கள் நிலைத்து நின்றன. மரக்கிளைகள் வீதிக் கம்பிகள்மீது விழுந்தன.

இந்த இரு புயல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1998 இல் உச்சக்கட்டத்தில் இணைப்பிழந்தோர் ஏறத்தாழ 14 இலட்சம் மின்பாவனையாளர். 2023 இல் 11 இலட்சம். இரண்டாவது புயலின் பனியோ முதலாவதோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. 2023 இல் பெரும்பாலானோருக்குச் சில நாட்களுக்குள் மின்சாரம் மீண்டது என்பது உண்மை. கோபுரங்கள் தப்பியதால் அது சாத்தியமாயிற்று. ஆயினும் முடிவு தெளிவானது. பணம் போட்ட இடம் தாங்கியது. போடாத இடம் விழுந்தது.

பணமில்லை என்ற பேச்சு அங்கு எடுபடாது. ஹைட்ரோ கியூபெக் அரசுக்குச் சொந்தமான நிறுவனம். கணக்காய்வாளர் நாயகம் எச்சரித்த அதே 2022 ஆம் ஆண்டில் அதன் நிகர இலாபம் 4.5 பில்லியன் டொலரைத் தாண்டியது. அதில் நான்கில் மூன்று பங்கு பங்கிலாபமாக மாகாணத் திறைசேரிக்குச் சென்றது. மரம் வெட்டும் தொழிலாளிக்குக் கொடுக்கப் பணமில்லாத நிறுவனம் அதுவன்று. வெட்டாமல் விட்ட கிளை அவ்வருடக் கணக்கில் இலாபமாகத் தெரியும். முறிந்து விழும்போது ‘இயற்கை அனர்த்தம்’ என்ற வேறொரு தலைப்பின்கீழ் பதியப்படும். 2023 நவம்பரில் அந்நிறுவனமே நீண்டகாலத் திட்டமொன்றை வெளியிட்டு, மின்தடைகளைக் குறைப்பதை அதன் குறிக்கோள்களில் ஒன்றாக்கியது. நல்லது. 11 இலட்சம் பேர் இருளில் இருந்த பின்னர் தென்பட்ட வழி அதற்கு முன்னர் ஏன் தென்படவில்லை?

இனி ரொறன்ரோவுக்கு வருவோம். அங்குள்ள நம்மவர் மின்சாரத்தை ‘ஹைட்ரோ’ என்றே அழைக்கின்றனர். கட்டணப் பட்டியலும் ‘ஹைட்ரோ பில்’தான். 2013 டிசெம்பர் 21, 22 ஆம் திகதிகளில் பெய்த உறைபனி மழையில் அந்நகரில் சுமார் 3 இலட்சம் இணைப்புகள் செயலிழந்தன. நத்தாரும் இருளில் கழிந்தது. சிலருக்குப் புத்தாண்டும் இருளிலேயே பிறந்தது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஸ்காபரோவும் ஒன்று. அடுக்குமாடிகளில் மின்தூக்கி நின்றது. மேல்மாடிகளுக்கு நீர் ஏறவில்லை. வீட்டினுள் கரியடுப்பு மூட்டாதீர்கள் என அதிகாரிகள் மீண்டும் மீண்டும் எச்சரிக்க வேண்டியிருந்தது.

அந்நாட்களில் அங்கிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளில் ஒரு முறைப்பாடு திரும்பத் திரும்பக் கேட்டது. “எங்கட தெருவைத் தாண்டித்தான் போறாங்கள், நிக்கிறாங்களே இல்லை. முன் றோட்டில லைட் எரியுது, எங்களுக்கு மட்டும் இல்லை.” வேலைக்கு வந்த லொறியை மறித்துச் சத்தமிட்டதாகச் சொன்னவரும் உண்டு. அவரது ஆத்திரம் விளங்கிக்கொள்ளக்கூடியது. குளிரில் நடுங்கும் குழந்தையை வைத்திருப்பவர் பொறுமையாக இருக்க வேண்டும் எனப் போதிக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த ஆத்திரம் பிழையான முகவரிக்குச் சென்றது.

மின்சாரத்தை மீட்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பிரதான மின்கடத்தும் பாதைகள், உபமின்நிலையங்கள். அடுத்து வைத்தியசாலை, நீர் வழங்கல் போன்ற இடங்கள். பின்னர் ஒரே திருத்தத்தால் ஆயிரக்கணக்கானோருக்கு ஒளி கிடைக்கும் பெரிய கம்பிகள். அதன் பின்னர் சிறிய தெருக்கள். கடைசியாகத் தனித்தனி வீடுகள். தாய்க்கம்பி இறந்து கிடக்கும்போது உங்கள் வீட்டுக் கம்பியை ஒட்டிவிட்டுச் செல்வதால் பயனில்லை. லொறியில் வந்தவர் உங்களைத் தாண்டிச் சென்றது இந்தக் காரணத்தால்தான். அந்த ஒழுங்கு நியாயமானது. அதனை மக்களுக்கு அவரவர் மொழியில் முன்கூட்டியே விளக்கிச் சொல்லும் கடமை கம்பத்தில் நின்றவருக்குரியதன்று, அலுவலகத்தில் இருந்தவர்களுக்குரியது.

கடைசி வரிசையில் நின்றவர்களுக்கு மேலும் ஒரு தண்டனை காத்திருந்தது. வீட்டுச் சுவரிலிருந்து மேலெழுந்து கம்பியை ஏந்தி நிற்கும் குழாய் வீட்டு உரிமையாளருக்குச் சொந்தமானது. கிளை விழுந்து அது வளைந்திருந்தால், அனுமதிப்பத்திரம் பெற்ற மின்னியலாளரைத் தன் செலவில் அழைத்துத் திருத்திய பின்னரே இணைப்பு மீளக் கிடைக்கும். நத்தார் வாரத்தில் மின்னியலாளரைத் தேடி அலைந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பேஸ்மன்றில் வாடகைக்கு இருப்பவர் யாரை அழைப்பார்? குழாய் அவருடையதன்று. குளிர் மட்டும் அவருடையது. விதியைத் தெரிந்திராத பலருக்கு, தெருவெங்கும் ஒளி வந்த பின்னரும் தம் வீட்டை விட்டுவிட்டுச் சென்ற தொழிலாளியே வில்லனாகத் தோன்றினார். ஜனவரியில் மாகாண அரசு, பழுதடைந்த உணவுப் பொருட்களுக்கு ஈடாகக் கடை அட்டைகளை வழங்கியபோது, மக்கள் அவற்றுக்காகக் கடுங்குளிரில் நீண்ட வரிசைகளில் நின்றனர். அட்டைகள் எல்லோருக்கும் போதவில்லை.

இரவல் வாங்கும் முறையைப் பற்றியும் பேச வேண்டும். ரொறன்ரோவுக்கு அன்று மனிற்றோபாவிலிருந்துகூடத் தொழிலாளர் வந்தனர். தங்கள் குடும்பத்தை விட்டு, நத்தாரை விட்டு வந்தனர். 1998 இல் கியூபெக்குக்கு அமெரிக்க மாநிலங்களிலிருந்து குழுக்கள் வந்தன. தொழிலாளருக்கிடையிலான இந்தப் பரஸ்பர உதவி உண்மையிலேயே உயர்ந்த பண்பு. முகாமையாளர் கையில் அது வேறொன்றாக மாறிவிடுகின்றது. ‘தேவைப்பட்டால் அயலாரிடம் கேட்டுக்கொள்ளலாம்’ என்பது, தன்னிடம் ஆட்களைக் குறைவாக வைத்திருப்பதற்கு நியாயமாகிவிடுகின்றது. அயலாரும் அவ்வாறே எண்ணினால் என்னவாகும்? பனிக்கட்டிப் புயல் எல்லைக்கோடு பார்த்துப் பெய்வதில்லை. 1998 இல் கியூபெக்கை மூடிய அதே பனி அமெரிக்காவின் மெய்ன், நியூயோர்க், வேர்மொன்ற் மாநிலங்களையும் மூடியது. 2025 மார்ச் இறுதியில் ஒன்ராறியோவின் மத்திய பகுதியில் பெய்த உறைபனி மழையால் ஒறில்லியா நகரம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. மின்பாவனையாளர் பெருந்தொகையினர் இருளில் மூழ்கினர். அயல் வீட்டிலும் தீப்பிடித்திருக்கும்போது அவனுடைய வாளியை நம்பியிருப்பவன் கெட்டிக்காரனல்லன்.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது.

முதலாவது: 1998 போன்ற புயலுக்கு எந்தக் கட்டமைப்பும் தாங்காது. உண்மை. நூறு மில்லிமீற்றர் உறைபனி மழையில் எதுவும் சேதமின்றி நிற்கும் என நான் சொல்லவில்லை. சேதத்தின் அளவும் மீட்பின் வேகமும் முன்னேற்பாட்டைப் பொறுத்தவை என்பதே என் வாதம். அதற்குக் கோபுரங்களே சாட்சி.

இரண்டாவது: கம்பிகளை நிலத்துக்கடியில் புதைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கேட்பதற்கு இனிமையான யோசனை. பழைய குடியிருப்புகளில் அதற்கான செலவு பல மடங்கு அதிகம். நிலத்தடிக் கம்பியில் கோளாறு ஏற்பட்டால் அதைக் கண்டுபிடித்துத் தோண்டித் திருத்துவதற்கு எடுக்கும் நேரமும் அதிகம். புதிய குடியிருப்புகளுக்கு அது பொருந்தலாம். பெரிய கனவைக் காட்டி, இந்த வருடம் வெட்ட வேண்டிய கிளையை வெட்டாமல் விடுவதற்கு அது சாக்காகிவிடக்கூடாது.

மூன்றாவது: கூடுதல் ஆட்களும் பராமரிப்பும் என்றால் கட்டணம் உயரும், ஏழைகளே பாதிக்கப்படுவர். இதுவே வலுவான வாதம். ஆனால் ஏழைகளின் பேரால் இதனைச் சொல்பவர்கள், புயலின் செலவை யார் செலுத்துகின்றார்கள் என்பதைச் சொல்வதில்லை. பழுதடைந்த உணவு, இழந்த நாட்சம்பளம், வெடித்த நீர்க்குழாய், விடுதி அறை வாடகை, உயிர் இவை எவையும் நிறுவனத்தின் கணக்கேட்டில் வருவதில்லை. அவை ஒவ்வொரு குடும்பத்தின் கணக்கில் தனித்தனியே எழுதப்படுகின்றன. வசதியுள்ளவர் மின்பிறப்பாக்கி வைத்திருக்கின்றார். இல்லாதவருக்கே கட்டமைப்பு அதிகம் தேவை.

எமது தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013 இல் ரொறன்ரோ ஊடகங்களின் கவனத்தில் கணிசமான பகுதியை, மாநகர முதல்வர் ரொப் ஃபோர்ட் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்ய மறுத்த விவகாரம் விழுங்கிவிட்டது. முதல்வருக்கும் எதிர்த்தரப்புக்குமான மல்யுத்தம் நல்ல செய்தி. மரக்கிளை வெட்டும் வரவுசெலவு சலிப்பூட்டும் செய்தி. பத்திரிகைத் தொழிலின் இயல்பு உலகெங்கும் ஒன்றுதான். விழுந்த கம்பத்தைப் படம்பிடிக்க ஐந்து பேர் ஓடுவர். உக்கிப்போய் நிற்கும் கம்பத்தைப் பற்றி எழுத ஒருவரும் போவதில்லை. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை உள்பக்கத்தில் நான்கு அங்குலம் பெறும். நான்கு மாதம் கழித்து வீரர்களின் படம் முதற்பக்கத்தில் எட்டுக் கலம் பெறும்.

இனி நம் வீட்டு விவகாரம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்ததே காரணம் என அமைச்சர் தெரிவித்தார். உலகமே சிரித்தது. கனடாவில் பனியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றார்கள். நாம் குரங்கை ஏற்றினோம். இரண்டுமே வாக்குமூலம் அளிக்க முடியாதவை. ஒரு குரங்கு தொட்டதும் முழு நாட்டையும் இருளாக்கும் அளவுக்கு அந்தக் கட்டமைப்பு ஏன் நலிந்திருந்தது என்பதுதான் கேள்வி. அதே வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலையகத்தில் மண்சரிவுகளோடு கம்பங்களும் கம்பிகளும் போயின. வீதியற்ற சரிவுகளில் கம்பிச் சுருளைத் தோளில் சுமந்து ஏறிய மின்சார சபைத் தொழிலாளரை நாமும் வீரர்கள் என்றோம். சில வாரங்களில் மறந்தோம்.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி வாழ்ந்தது. போத்தல் விளக்கில் படித்த அந்தத் தலைமுறையினர் பலர் இன்று ஸ்காபரோவில் வீட்டுக்காரர்களாக, வாக்காளர்களாக இருக்கின்றனர். ‘நாங்கள் பார்க்காத இருட்டா?’ என்று சொல்லிச் சகித்துக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமிதம் உண்டு. அந்தப் பெருமிதத்தை நான் மதிக்கின்றேன். ஆனால் போர்க்காலத்து இருளைக் கேள்வி கேட்க எமக்கு இடமிருக்கவில்லை. அவர்களுக்கு இப்போது இடமிருக்கின்றது. வாக்குச் சீட்டு இருக்கின்றது. நகரசபை உறுப்பினரின் தொலைபேசி இலக்கம் இருக்கின்றது. மின்கட்டண விசாரணைகளில் பொதுமக்கள் கருத்துரைக்கும் வழியும் இருக்கின்றது.

ஆகவே அடுத்த பனிக்கட்டிப் புயலுக்குப் பின்னர் தொழிலாளருக்குத் தேநீர் கொடுங்கள், நன்றி சொல்லுங்கள், வீட்டு மின்பிறப்பாக்கியைச் சுவரிலிருந்து கழற்றிவையுங்கள். பின்னர் செப்டெம்பர் மாதத்தில், வெயில் எறிக்கும்போது, நான்கு கேள்விகளை எழுத்திலே கேளுங்கள். எமது தெருவில் மரக்கிளைகள் கடைசியாக வெட்டப்பட்டது எப்போது? எமது கம்பத்தின் வயது என்ன? இந்த வருடம் எத்தனை பயிலுநர்கள் சேர்க்கப்பட்டனர்? ஓய்வுபெற்றவர்கள் எத்தனை பேர்? பதில் வரும்வரை மீண்டும் மீண்டும் கேளுங்கள். கம்பத்தில் ஏறுபவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை எதையும் நான் அறியேன்.